கொழுப்பு நொதிகளின் வடிவம்: படிகம் சொல்வதும் சொல்லாததும்

2004-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் சிறிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதில் படிப்பவர் கண்ணை நிறுத்தியது ஒரு புகைப்படம். இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புணே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே: 22.3. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் இருவருமே ஒல்லியான, ஆரோக்கியமான மனிதர்கள். ஆனால் கருவியில் அளந்தபோது யட்கினின் உடலில் 9.1 சதவீதமும் யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதமும் கொழுப்பு இருந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு யாஜ்னிக் குழு புணே அருகிலுள்ள ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தது. நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும் நம் குழந்தையின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசைதான் குறைந்திருந்தது. ‘மெலிந்த கொழுத்த குழந்தை’ என்ற கருத்து அங்கிருந்துதான் உலகெங்கும் போனது. சர்க்கரை நோய் நம் ஆட்களுக்கு ஏன் இளவயதிலேயே, தொப்பை போடாத உடம்பிலும் வருகிறது என்ற கேள்வியின் வேரை அந்த ஆய்வு தாயின் கருவறைவரை கொண்டுபோனது.

இது தராசும் அளவுநாடாவும் எழுப்பிய கேள்வி. இதே கேள்வியை மூலக்கூறு மட்டத்தில் கேட்பவர்கள் அதே நகரில், பாஷாண் பகுதியில் இருக்கிறார்கள். 1950-இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகமும் 2006-இல் தொடங்கிய ஐசர் கல்வி நிறுவனமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. உடலில் கொழுப்பு உடைவதும் சேர்வதும் எரிவதும் நொதிகளால். அந்த நொதிகள் எப்படி இருக்கும் என்று அணு அணுவாகப் பார்க்கும் வழிகளில் மூத்தது படிகவியல். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் கொழுப்பைக் கையாளும் மனித நொதிகள் பலவற்றின் வடிவம் வெளிவந்துவிட்டது. வடிவம் தெரிந்ததால் நமக்கு என்ன தெரிந்தது, எது இன்னும் தெரியவில்லை என்பதே இங்கே விசாரணை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரியான கேள்வி கையில் இருந்தபோது படிகம் அற்புதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. கேள்வி இல்லாதபோது அழகான படமாக மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது. இரண்டாவது வகைக்கு மிகத் தெளிவான சான்றும், அதிலிருந்து வெளியேறிய வழியும் புணேயில் கிடைக்கின்றன.

முதலில் கொழுப்பின் பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுகள்: கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. இது குடற்சுவரை அப்படியே கடக்க முடியாது. கணையம் சுரக்கும் லைபேஸ் நொதி அதை இரண்டு கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு மோனோகிளிசரைடாகவும் வெட்டுகிறது. குடற்செல்லுக்குள் போனதும் துண்டுகள் மீண்டும் ட்ரைகிளிசரைடாகி, புரதம் போர்த்திய துகள்களாக நிணநீர் வழியே இரத்தத்துக்கு வருகின்றன. நுண்குழாய்களின் உட்சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் மறுபடி வெட்டுகிறது. செல்லுக்குள் நுழைந்த கொழுப்பு அமிலம் சேமிப்புக்கும் போகலாம், எரிப்புக்கும் போகலாம். எரிக்கப்படும்போது அது இரண்டிரண்டு கார்பனாக நறுக்கப்பட்டு அசிட்டைல் கோ-ஏ என்ற பொருளாகிறது. புதிதாகக் கொழுப்பு செய்ய வேண்டுமென்றால் தொடக்கப் பொருளும் அதே அசிட்டைல் கோ-ஏதான். கொழுப்பின் முடிவும் முதலும் ஒரே மூலக்கூறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படிகம் வளர்ப்பது பொறுமை கேட்கும் வேலை. மனித நொதியின் மரபணுவைப் பெரும்பாலும் ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைப் பானை பானையாக வளர்த்து, உடைத்து, நொதியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு புரதம்கூடக் கலப்பில்லாத அளவுக்குத் தூய்மையானபின் அதைச் செறிவாக்குவார்கள். இருபத்துநான்கு குழிகள் கொண்ட நெகிழித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு உப்புக் கரைசல். மெல்லிய கண்ணாடிச் சில்லில் ஒரு மைக்ரோலிட்டர் நொதி, அதே அளவு கரைசல். சில்லைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடுவார்கள். துளி தொங்கும். நாட்கள் போகப்போகத் துளியிலிருந்து நீர் மெல்ல ஆவியாகிக் குழிக்குள் போகும், நொதி நெருக்கப்படும். பெரும்பாலான துளிகளில் வெறும் வெண்ணிற வீழ்படிவுதான் மிஞ்சும். சிலவற்றில் ஊசிகள் முளைக்கும், அவை பயன்படாது. என்றோ ஒருநாள் நுண்ணோக்கியில் கூர்மையான விளிம்புகளோடு ஒரு கட்டி மின்னும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், ஆய்வகம் கொண்டாடும்.

அந்தப் படிகத்தைத் திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்து, எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் கதிர்கள் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகச் சிதறும். புள்ளிகளின் அழுத்தத்தை அளந்து, கணக்குப் போட்டு, மின்னணு அடர்த்தியின் வரைபடத்தை எழுப்பி, அதற்குள் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்த வேண்டும். இங்கே பேசப்படும் அளவு ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இரண்டு கார்பன் அணுக்களின் பிணைப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆங்ஸ்ட்ராம். 2.3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் ஒரு கட்டமைப்பு கிடைத்தது என்றால் அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம், ஹைட்ரஜனைப் பார்க்க முடியாது.

பொருத்திய சங்கிலி சரியா தவறா என்று சோதிக்கும் முதல் கருவி சென்னையில் பிறந்தது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதத்தின் முதுகெலும்புச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். உலகப் புரதத் தரவு வங்கி 1971-இல் ஏழே கட்டமைப்புகளோடு தொடங்கியது, இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவற்றில் எந்தப் புரதத்தை எடுத்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தின் முன் நிற்காமல் தப்ப முடியாது. இந்தத் துறையைப் பற்றித் தமிழில் எழுதும்போது இதைப் பெருமையோடு சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி கணைய லைபேஸ். படிகம் தன் முழு பலத்தைக் காட்டிய இடம் இது.

1958-இல் பிரான்சில் சார்தாவும் தெஸ்நுவேலும் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார்கள். சாதாரண நொதிக்கு அதன் வினைபடுபொருளைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் சீராக ஏறி ஓர் உச்சத்தில் நிற்கும். கணைய லைபேஸ் அப்படி நடக்கவில்லை. கொழுப்பு நீரில் கரைந்திருக்கும் வரை அது ஏறக்குறையச் சும்மா இருந்தது. கரையும் எல்லையைத் தாண்டிக் கொழுப்பு துளிகளாகத் திரண்டதும் வேகம் திடீரென எகிறியது. நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே உள்ள பரப்பைக் கண்டால்தான் இந்த நொதி விழிக்கிறது. ஏன்? நொதி மாறுகிறதா, கொழுப்பு மாறுகிறதா? முப்பதாண்டு காலம் இரு தரப்பிலும் வாதம் நடந்தது.

1990-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தைச் சேர்ந்த விங்க்ளர், டார்சி, ஹுன்சிக்கர் மூவரும் மனிதக் கணைய லைபேஸின் கட்டமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 449 அமினோ அமிலங்கள், இரண்டு பகுதிகள். பெரிய பகுதியின் நடுவில் மூன்று அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கின்றன: 152-ஆம் இடத்தில் செரின், 176-இல் அஸ்பார்டிக் அமிலம், 263-இல் ஹிஸ்டிடின். செரினின் ஆக்சிஜன்தான் கொழுப்பின் எஸ்டர் பிணைப்பைத் தாக்கும். அதன் ஹைட்ரஜனை ஹிஸ்டிடின் வாங்கிக்கொள்ளும், ஹிஸ்டிடினை அஸ்பார்டிக் அமிலம் சரியான கோணத்தில் பிடித்துவைக்கும். இதே மூவர் கூட்டணி புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினிலும் உண்டு. ஆனால் டிரிப்சினின் மொத்த உருவம் முற்றிலும் வேறு. இயற்கை இரண்டு தனி வழிகளில் நடந்து ஒரே வேதியியல் தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வியப்பு அதற்கு மேல் இருந்தது. அந்தச் செரின் வெளியே தெரியவே இல்லை. 237-க்கும் 261-க்கும் இடைப்பட்ட சங்கிலி வினைமையத்தின் மேல் ஒரு மூடியாகக் கவிந்து கிடந்தது. மூடிய நிலையில் கொழுப்பு உள்ளே போக வழியே இல்லை. சார்தா–தெஸ்நுவேல் புதிருக்கான விடை இந்த மூடியில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. தோன்றினால் போதாதே. மூடி திறந்ததைக் கண்ணால் காட்ட வேண்டும்.

அதைக் காட்டியவர்கள் பிரான்சில் வான் தில்பெர்க், கம்பியோ குழுவினர். இங்கே பித்தநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைக் குடலில் பித்த உப்புகள் செய்கின்றன, கொழுப்பை நுண்துளிகளாகப் பிரிக்கின்றன. ஆனால் அதே பித்த உப்புகள் துளியின் மேற்பரப்பை மொய்த்து லைபேஸை அங்கிருந்து தள்ளியும்விடுகின்றன. கோலைபேஸ் என்ற சிறு புரதம் துணைக்கு வந்து லைபேஸைப் பரப்பில் பிடித்துவைக்கிறது. 1992-இல் இந்தக் குழு லைபேஸும் கோலைபேஸின் முன்வடிவமும் சேர்ந்த படிகத்தைப் பார்த்தது. கோலைபேஸ் லைபேஸின் சிறிய பகுதியில் ஒட்டியிருந்தது, மூடி இன்னும் மூடியேதான் இருந்தது. 1993-இல் பித்த உப்பும் பாஸ்போலிப்பிடும் கலந்த நுண்திரள்களைச் சேர்த்துப் படிகம் வளர்த்தார்கள். மூடி விலகிவிட்டது, அதன் நுனி ஏறக்குறைய 29 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்திருந்தது. திறந்த மூடி வெறுமனே ஒதுங்கி நிற்கவும் இல்லை. அது கோலைபேஸைத் தொட்டுக்கொண்டு, எண்ணெயை விரும்பும் அகன்ற பரப்பு ஒன்றை உருவாக்கியிருந்தது. நொதி கொழுப்புத் துளியின் மேல் உட்காரும் இடம் அதுதான்.

1958-இல் எழுந்த ஒரு கேள்வி, 1990-இல் ஒரு குறிப்பு, 1993-இல் விடை. படிகவியல் பாடம் நடத்துபவர்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை இது என்பேன். இந்த வெற்றிக்குக் காரணம் எக்ஸ் கதிர் மட்டும் அல்ல, துல்லியமாகக் கேட்கப்பட்ட கேள்வியும்தான். மூடிய படமும் திறந்த படமும் தேவை என்று தெரிந்து தேடினார்கள்.

பித்த உப்பின் இன்னொரு பக்கத்தைப் புணே பார்த்தது. கல்லீரல் பித்த அமிலத்தோடு கிளைசின் அல்லது டாரின் என்ற சிறு மூலக்கூறைக் கோத்து அனுப்புகிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தக் கோப்பை அறுக்கின்றன. அறுக்கும் நொதி பித்த உப்பு ஹைட்ரோலேஸ். பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற பாக்டீரியாவின் அந்த நொதியைத் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் சி.ஜி. சுரேஷ் குழு இங்கிலாந்தின் யார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்டது. அதன் உருவம் அவர்களுக்குப் பழகிய உருவம். 1999-இல் அதே கூட்டணி பென்சிலின்-வி அசைலேஸ் என்ற நொதியின் கட்டமைப்பைக் கண்டிருந்தது, மருந்துத் தொழிலுக்கு வேண்டிய நொதி அது. பென்சிலினை வெட்டும் நொதியும் பித்த உப்பை வெட்டும் நொதியும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்று இரண்டு படிகங்களையும் அடுத்தடுத்து வைத்தபோது தெரிந்தது. அமினோ அமில வரிசையை மட்டும் படித்திருந்தால் இந்த உறவு இவ்வளவு உறுதியாக விளங்கியிருக்காது. இது மனித நொதி அல்ல என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மனிதக் குடலுக்குள் மனிதப் பித்தநீரை மாற்றுகிற நொதி அது.

படிகக் கட்டமைப்பு கிடைத்தால் மருந்து கிடைத்துவிடும் என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். கொழுப்பு நொதிகளின் வரலாறு அதை அப்படியே ஏற்கவிடாது. உடல் எடைக்குத் தரப்படும் ஆர்லிஸ்டாட் கணைய லைபேஸின் அதே செரினில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தின் மூலம் ஸ்ட்ரெப்டோமைசஸ் டாக்சிட்ரிசினி என்ற மண் பாக்டீரியா தயாரிக்கும் லிப்ஸ்டாட்டின். படிகத்தைப் பார்த்து வடிவமைத்தது அல்ல, சலித்தெடுத்துக் கண்டது. ஸ்டாட்டின்களும் அப்படியே. கொலஸ்ட்ரால் உற்பத்தியின் முக்கியப் படியில் நிற்கும் எச்எம்ஜி கோ-ஏ ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கும் பொருளை ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சையிலிருந்து எடுத்தார். லோவாஸ்டாட்டின் 1987-இல் கடைக்கு வந்தது. ஈவா இஸ்த்வானும் யோஹான் டைசன்ஹோஃபரும் ஸ்டாட்டின் ஒட்டிய மனித நொதியின் கட்டமைப்பை வெளியிட்டதோ 2001-இல். கோடிக்கணக்கானோர் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை உடலுக்குள் எந்த இடத்தில் உட்காருகிறது என்பது அதற்குப் பிறகே கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வரிசையைச் சொல்வதால் படிகத்தின் மதிப்பு குறைந்துவிடாது. அடுத்த தலைமுறை மருந்துக்கு அது கட்டாயம் உதவும். வாக்குறுதியை மட்டும் அளந்து தர வேண்டும் என்கிறேன்.

நோயை விளக்குவதில் படிகம் தந்த உதவி வேறு வகை. நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களை எரிக்கும் எம்கேட் என்ற நொதி குறைந்த குழந்தை, காய்ச்சலில் சாப்பிடாமல் சில வேளை இருந்தாலே இரத்தச் சர்க்கரை சரிந்து ஆபத்தான நிலைக்குப் போகலாம். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணும் திரிபில் 304-ஆம் லைசின் குளுட்டாமிக் அமிலமாக மாறியிருக்கிறது. 1990-களில் கட்டமைப்பு கிடைத்தபோது அந்த இடம் வினைமையத்திலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. அப்படியானால் நோய் எப்படி வருகிறது? நான்கு பிரதிகள் சேர்ந்தால்தான் இந்த நொதி முழுமையாகும். மாறிய லைசின் அந்தச் சேர்க்கையையும் மடிப்பையும் கெடுக்கிறது. கோளாறு வேதியியலில் இல்லை, கட்டுமானத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

லிப்போபுரோட்டீன் லைபேஸ் இந்தக் குடும்பத்தில் மிகவும் அலைக்கழித்தது. 1950-களிலேயே தெரிந்த நொதி அது, தனியாகப் பிரித்தால் சீக்கிரம் மடிப்பு அவிழ்ந்து செயலிழந்துவிடும். அதை நுண்குழாய்ச் சுவரில் பிடித்துவைக்கும் ஜிபிஐஎச்பிபி1 என்ற துணைப் புரதத்தின் பங்கு 2007-இல் தெரியவந்தது. துணையோடு சேர்த்து வளர்த்தபோது நொதி நிலைத்தது, 2019-இல் கட்டமைப்புகள் வந்தன. தனியாக எடுத்தால் படிகமாகாத நொதிக்கு உடலில் யார் துணை என்று தேடுவது படிகவியலாளருக்கு இன்று வழக்கமான யோசனையாகிவிட்டது.

இனி நான் முதலில் சொன்ன இரண்டாவது வகைக்கு வருகிறேன். 2004-இல் ஜப்பானில் மசாமி ஹோரிகோஷியோடு பணியாற்றிய பி. பத்மநாபன், பின்னாளில் பெங்களூரு நிம்ஹான்ஸுக்கு வந்தவர், ஒரு மனிதப் புரதத்தின் படிகக் கட்டமைப்பை 2.2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டார். மரபணுவைப் படியெடுக்கத் தொடங்கும் கருவிகளோடு ஒட்டிக்கொள்ளும் புரதம் என்பதால் அதற்கு அந்தத் தொடர்பை ஒட்டியே சிஐபி என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டமைப்பைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். மரபணு வேலைக்காரர்களின் சாயல் துளியும் இல்லை. ஆல்ஃபா-பீட்டா ஹைட்ரோலேஸ் மடிப்பு, நடுவில் செரின் 111, அஸ்பார்டிக் அமிலம் 162, ஹிஸ்டிடின் 188. கணைய லைபேஸில் கண்ட அதே மூவர் கூட்டணி. சோதனைக்குழாயில் அது வெட்டவும் செய்தது. எதை வெட்டுவதற்காக உடலில் இருக்கிறது என்று மட்டும் படிகம் சொல்லவில்லை. பொதுவாக இக்குடும்ப நொதிகளில் வினைமையத்தின் மேலே நீண்டிருக்கும் பகுதிதான் எந்தப் பொருளைப் பிடிப்பது என்று தீர்மானிக்கும். இதில் அந்தப் பகுதியே இல்லை.

வினைமையத்தின் ஒவ்வோர் அணுவும் தெரியும், வேலை தெரியாது. பதினாறு ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. இது ஒற்றை விதிவிலக்கும் அல்ல. வளர்சிதை மாற்றத்தில் ஈடுபடும் செரின் ஹைட்ரோலேஸ்கள் மனிதரில் இருநூறுக்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு உடலுக்குள் உண்மையான வேலை என்ன என்று அடையாளம் காணப்படாமல் இருந்தது.

ஐசர் புணேயில் சித்தேஷ் காமத்தின் ஆய்வகம் 2020-இல் பயோகெமிஸ்ட்ரி இதழில் இதற்குப் பதில் தந்தது. நொதிக்கு இப்போது ஏபிஎச்டி14-பி என்று பெயர். செல்லில் பல புரதங்களின் லைசின்கள் மேல் அசிட்டைல் குழு ஒட்டப்படுவதும் நீக்கப்படுவதும் அன்றாட நடப்பு, அவற்றின் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் செல் கையாளும் முறை அது. நீக்கும் நொதிகளில் புகழ்பெற்ற வகைகள் இரண்டு. துத்தநாகமும் நீரும் கொண்டு நீக்குபவை அசிட்டேட்டை வெளியே விடுகின்றன. சர்ட்டுவின்கள் என்ஏடி என்ற துணைப்பொருளைச் செலவழிக்கின்றன. ஏபிஎச்டி14-பி இரண்டையும் செய்யவில்லை. லைசினிலிருந்து எடுத்த அசிட்டைல் குழுவைத் துணைநொதி-ஏ என்ற மூலக்கூறின் கையில் நேராகக் கொடுத்து அசிட்டைல் கோ-ஏ ஆக்கியது. செரின் 111-ஐ அலனினாக மாற்றினால் வேலை நின்றது. செல்லில் இந்த நொதியைக் குறைத்துப் பார்த்த சோதனைகளும் அதே திசையைக் காட்டின.

இந்த வேதியியலில் உள்ள சிக்கனம் என்னை மிகவும் கவர்கிறது. அசிட்டேட்டாக வெளியே போனால் அதை மறுபடி அசிட்டைல் கோ-ஏ ஆக்க செல் ஏடிபி செலவழித்தாக வேண்டும். இங்கே அந்தச் செலவு இல்லை. கொழுப்பின் முடிவும் முதலுமான மூலக்கூறு புரதங்களின் மேலிருந்து நேராகத் திரும்பி வருகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் ஏபிஎச்டி14-பி கொழுப்பை வெட்டும் நொதி அல்ல. லைபேஸ்களின் உருவத்தோடு பிறந்து, அவற்றின் பாதை கூடும் சந்தியில் வேலை செய்யும் நொதி. அது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நிறைய இருப்பதும் பொருந்துகிறது. 2022-இல் அதே குழு, இந்நொதி குறைந்த செல்களில் குளுக்கோஸ் எரியும் ஓட்டம் மந்தமாவதையும், எலிகளின் கல்லீரலில் இதைக் குறைத்தால் பட்டினி நேரத்தில் உடலின் குளுக்கோஸ் சமநிலை குலைவதையும் காட்டியது.

படிகம் 2004-இலேயே செரினையும் மடிப்பையும் காட்டிவிட்டது. மருந்துக்கடை அலமாரி போல ஒவ்வொரு வினைபடுபொருளாக எடுத்து நீட்டிப் பார்க்கும் நொதியியல் 2020-இல்தான் வந்து சேர்ந்தது. 2004 படத்தில் துணைநொதி-ஏ இல்லை, அதைச் சேர்த்துப் படிகம் வளர்க்க அப்போது யாருக்கும் காரணமும் இல்லை. இதைப் படிகவியலின் குறை என்று எழுதுவது அநியாயம். அந்தப் படம் இருந்ததால்தான் எந்தச் செரினை மாற்றிச் சோதிப்பது என்று புணே ஆய்வகத்துக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

இதற்கு நேரெதிரான நிலையும் அதே ஆய்வகத்தில் உண்டு. ஏபிஎச்டி12 என்ற நொதி பழுதானால் ஃபார்க் என்ற அரிய நரம்பு நோய் வரும் என்று 2010-இல் தெரிந்தது. செவி மந்தம், தள்ளாட்டம், நரம்புத் தளர்ச்சி, விழித்திரைச் சிதைவு, கண்புரை எல்லாம் ஒருவரையே தாக்கும் கொடுமையான நோய் அது. இந்த நொதி இல்லாத எலிகளின் மூளையில் லைசோபாஸ்ஃபாட்டிடில்செரின் என்ற கொழுப்பு சேர்வதை 2013-இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகம் கண்டது. அந்தக் கொழுப்பை உண்டாக்கும் நொதி ஏபிஎச்டி16-ஏ என்பதை 2015-இல் அங்கிருந்த காமத்தே காட்டினார். புணேக்கு வந்தபின் அவரது குழு, ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போன பாஸ்ஃபாட்டிடில்செரினையும் ஏபிஎச்டி12 வெட்டுவதாக 2019-இல் கண்டறிந்தது. நோய், வினைபடுபொருள், எதிர்வினை எல்லாம் இங்கே வரிசையாகக் கையில் இருக்கின்றன. நொதி மட்டும் சவ்வுக்குள் புதைந்தது, மேலே சர்க்கரைக் கிளைகள் ஒட்டியது. அத்தகைய புரதத்தைச் சவ்விலிருந்து சோப்பு போன்ற பொருளால் பிரித்தெடுத்துப் படிகமாக்குவது சோதனைக்குழாயில் எளிதாகக் கரையும் நொதியைக் கையாள்வதைவிடப் பன்மடங்கு கடினம். உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கி வந்தபின் இத்தகையவற்றுக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. ட்ரைகிளிசரைடைக் கட்டி முடிக்கும் டிஜிஏடி1 என்ற மனித நொதி சவ்வுக்குள் இருப்பதுதான், அது 2020-இல் அந்த வழியாகவே வெளிச்சத்துக்கு வந்தது.

2021-இல் ஆல்ஃபாஃபோல்டு மனிதப் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணித்த வடிவங்களைப் பொதுவில் வைத்தது. 2024 வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதை உருவாக்கியவர்களுக்குப் போனது. படிகவியல் முடிந்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். கணைய லைபேஸ் கதையை அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். மூடி மூடியிருப்பதும் திறந்திருப்பதும் ஒரே அமினோ அமில வரிசைதான். பித்த உப்பும் கோலைபேஸும் கொழுப்புப் பரப்பும் வந்தால் எது எப்படி நகரும் என்பது சோதனை செய்தே அறிய வேண்டியது. கணிப்பு எந்த இடத்தில் மிக உதவும் என்றால், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது.

வடிவம் மலிவாகிவிட்ட காலத்தில் வேலையைக் கண்டுபிடிப்பதுதான் நெருக்கடி. இதற்கு ஏபிஎச்டி14-ஏ நல்ல எடுத்துக்காட்டு. பெயரிலும் அமினோ அமில வரிசையிலும் அது ஏபிஎச்டி14-பியின் உடன்பிறப்பு. தானியங்கித் தரவுத்தளங்கள் பல உயிரினங்களில் இரண்டையும் ஒன்றே என்று தவறாகப் பெயரிட்டு வைத்திருந்தன. எந்த அமினோ அமிலங்கள் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கின்றன என்று ஐசர் புணே குழு கணினி ஒப்பீட்டையும் ஆய்வகச் சோதனையையும் சேர்த்து வரிசைப்படுத்தியது. ஏபிஎச்டி14-பிக்கு அசிட்டைல் நீக்கும் வேலை தெரிந்துவிட்டது. 14-ஏவுக்கு வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் இருந்தது. அடுத்துச் செய்ய வேண்டியவற்றை இந்த வரலாறே காட்டுகிறது: துணைநொதி-ஏயும் அசிட்டைல் ஒட்டிய லைசினும் ஒருங்கே உட்கார்ந்திருக்கும் நிலையில் 14-பியைப் படிகத்தில் பார்ப்பது, கல்லீரலில் பட்டினியின்போது அது எந்தெந்தப் புரதங்களின் லைசினைத் தொடுகிறது என்று நிறைமானியில் எண்ணுவது, 14-ஏவுக்கு நூற்றுக்கணக்கான வினைபடுபொருள்களைச் சலிப்பில்லாமல் நீட்டிப் பார்ப்பது. மூன்றாவதுதான் அதிகம் நேரம் கேட்கும். நல்கை வழங்குபவர்கள் முதலில் பணம் கொடுக்க வேண்டியதும் அதற்குத்தான்.